தண்ணீர் விழும் மூலை

எங்கள் அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் முகம் வாடியிருக்கிறதோ, அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். சந்தைக்குப் போனால் யாரும் சீண்டாத கீரைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ‘பாவம்’ சொல்கிறார் என்று நானும் அண்ணனும் பந்தயம் கட்டியதுகூட உண்டு. அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

அண்ணனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வருவார், பெட்டியைத் திறப்பார், மூடுவார், போய்விடுவார். வீட்டில் அண்ணி, இரண்டு பெண்கள், நான். சின்னவளுக்கு இளைப்பு உண்டு. அதனால் வீட்டில் காற்று வரும் ஒரே ஜன்னலுக்குக் கீழே அவள் படுக்கை. பெரியவள் சமையலறைச் சுவரை ஒட்டிப் படுப்பாள். அடுப்பின் சூடு விடியும்வரை அந்தச் சுவரில் இருக்கும். “அந்த இடத்துலயும் யாராவது படுக்கணுமே. அவளுக்கென்ன, எங்க போட்டாலும் தூங்கிடுவா” என்பார் அண்ணி. உண்மைதான். பெரியவள் வாய் திறந்து எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் பம்பும் மோட்டாரும் பார்ப்பவன். தொட்டி அறைக்கு ஆள் வேண்டும் என்றபோது அண்ணியைச் சேர்த்துவிட்டேன். அங்கே எல்லாவற்றுக்கும் பெரியவர் எங்கள் டாக்டர். ஊசி போடும் டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். முதல் நாள் அண்ணியை ஒரு பெரிய தொட்டிக்கு முன்னால் நிறுத்தி அவரே விளக்கினார்.

“இது கல்லு இல்லம்மா, உயிரு. இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. அதுதான் இதுக்குச் சோறும் போடுது, நிறமும் கொடுக்குது. ஒரே பவளத்துலயே துண்டுக்குத் துண்டு அந்தப் பாசி வேற ரகமா இருக்கலாம். தண்ணி ரொம்பச் சூடானா, பவளம் அந்தப் பாசியை வெளிய துரத்திடும். அப்புறம் வெளுத்துப்போய்ப் பட்டினியில சாகும். எவ்வளவு சூடு வரைக்கும் இதுங்க தாங்கும்னு பாக்கத்தான் இந்தத் தொட்டி.”

“சாகுற வரைக்கும் சூடு வைப்பீங்களா சார்?”

“கடல் வைக்குதே. நாம முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும்ல?”

அண்ணி தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம், “நல்ல வேலையில சேத்துவிட்டீங்க தம்பி” என்றார். அதில் இருந்த குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை.

நீளமான கொட்டகை, நீல விளக்குகள், உப்பு வாடை, பேசினால் காதில் விழாத அளவுக்குப் பம்பு இரைச்சல். கடலிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் தொட்டியின் ஒரு மூலையில் விழும். எதிர் மூலையில் ஹீட்டர். அதன் பக்கத்திலேயே வெப்பத்தை அளந்து கணினிக்கு அனுப்பும் கம்பி. நடுவே வலைத்தட்டில் பவளத் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஓட்டில் ஒட்டப்பட்டிருக்கும். அண்ணியின் வேலை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓட்டில் படரும் அழுக்கைத் தேய்ப்பது, எல்லாத் துண்டுக்கும் வெளிச்சம் சமமாகக் கிடைக்கும்படி வாரம் ஒருமுறை இடம் மாற்றி வைப்பது.

கரைக்கு எதிரே ஆழமான சரிவில், ஒரு வீடு உயரத்துக்கு வளர்ந்திருந்த ஒரே பவளத்திலிருந்து வெட்டி வந்தவை அந்தத் துண்டுகள். அண்ணி சேர்வதற்கு முந்தின வெயில் காலத்தில் கடல் கொதித்தது. தாய்ப்பவளம் முதலில் வெளுத்தது, பிறகு அதன்மேல் பச்சையாக அழுக்கு மூடியது. அன்று மூழ்கிப் பார்த்துவிட்டு மேலே வந்த டாக்டர், கரை வந்து சேரும்வரை முகமூடியைக் கழற்றவே இல்லை. ஏன் என்று படகில் யாரும் கேட்கவில்லை. தொட்டியில் இருந்ததுதான் மிச்சம். அது போனால் அந்த வம்சமே போச்சு.

அண்ணிக்கும் இது தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏற, துண்டுகள் ஒவ்வொன்றாக நிறம் மங்கின. ஆனால் மங்கியவை செத்துப்போகவில்லை. சில வாரத்தில் திரும்பவும் பழுப்பேறித் தெளிந்தன. டாக்டருக்கு நம்ப முடியவில்லை. கம்பியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். புதுக் கம்பியும் அதே சூட்டைத்தான் காட்டியது. கரையோரம் கடலுக்குள் இருக்கும் பவள மேட்டில், ஆழம் குறைந்த இடத்தில் வெயில் காலத்தில் வரும் சூடு அது. அதையே இந்தத் துண்டுகள் தாங்குகின்றன என்றால், இவற்றை வைத்தே செத்த மேடு முழுவதையும் திரும்ப உயிராக்கலாம். மனிதர் தலைகால் புரியாமல் அலைந்தார். சேதி வெளிநாடு வரை போயிற்று, விருந்தினர்கள் வருவதாகப் பதில் வந்தது.

அவர்கள் வருவதற்கு முன்னால் நிலையத்தின் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள். “நல்ல உருவமா ஒண்ணு எடுத்துக் குடும்மா. காயவெச்சு உள்ள வைக்கணும்” என்றார் டாக்டர்.

வெளியே எடுத்துக் காயவைத்தால் அது செத்துவிடும். அண்ணி தொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். ஒவ்வொன்றிடமும் கை போய்ப் போய்த் திரும்பியது. கடைசியில் ஹீட்டரை ஒட்டி இருந்த, ஓரம் உடைந்த ஓட்டில் இருந்த துண்டை எடுத்தார்.

“மத்ததெல்லாம் பாவம், ஒவ்வொண்ணும் பொழைச்சு வந்திருக்கு. இது ஒரு நாளும் என் கையை எதிர்பாத்ததில்ல தம்பி. இது போனா போகட்டும்” என்றார்.

பெட்டிக்குள் பல்பு மாட்டியது நான்தான். வெயிலில் காய்ந்து வெள்ளையாகி, விளக்கு வெளிச்சத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

விருந்தினர் வந்த மறுநாள் படகுத்துறையில் நானும் அண்ணியும் பவளத் தட்டுகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒரு துண்டு விடாமல் எல்லாம் மேட்டுக்குப் போகின்றன என்பது அங்கேதான் அண்ணிக்குத் தெரிந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரைத் தனியே கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்.

“சார், கொஞ்சத்தை நிறுத்திக்கலாமே.”

“மொத்தமே கொஞ்சம்தான்மா. அதையும் பிரிச்சா அங்க என்னத்தை நடுறது?”

“இல்ல சார்... நான் இதுங்களை இடம் மாத்தி வெச்சேன்.”

“நான்தானே மாத்தச் சொன்னேன்?”

“வெளுத்ததை மட்டும்தான் சார் மாத்தினேன். புதுத் தண்ணி விழுற மூலைக்கு. கை வெச்சா அங்க கொஞ்சம் குளுகுளுன்னு இருந்துச்சு. தேறினதும் பழைய இடத்துலயே வெச்சிருவேன். ஒரே தொட்டிதானே, ஒரே தண்ணிதானேன்னு நெனச்சேன். நேத்து நீங்க அவங்ககிட்ட, இதுங்க மேட்டுச் சூட்டைத் தாங்கும்னு சொல்லிட்டு இருந்ததைக் கேட்டப்பதான் எனக்குப் பயம் வந்துச்சு.”

டாக்டர் அண்ணியைப் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். விருந்தினர்கள் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெப்பமானி இருக்கும். அன்றும் இருந்தது. தொட்டி அறை கூப்பிடு தூரம்தான்.

“ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் என்னம்மா பெரிய வித்தியாசம் வந்துடப் போகுது?” என்றார். பிறகு குரல் இறங்கியது. “இத்தனை வருஷமா எது எது செத்துச்சுன்னு மட்டும்தான்மா எழுதிட்டு இருக்கேன். பொழைச்சதைப் பத்தி இப்பதான் முதல் தடவையா எழுதியிருக்கேன்.”

அதற்கு மேல் அண்ணி என்ன சொல்வார்? முகம் வாடியிருந்தது டாக்டருக்கல்லவா! கடைசித் தட்டை அண்ணியே தூக்கிப் படகில் வைத்தார். அந்த நிமிஷம் எனக்கு இரண்டு பேர் மீதும் கோபம் வந்தது. இன்றும் அது முழுதாகப் போகவில்லை.

வெயில் காலம் வந்தது. டாக்டர் தினமும் மூழ்கினார். முதல் சில நாட்கள் மேலே வந்ததும் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவார். பிறகு காட்டுவதை நிறுத்திவிட்டார். அண்ணி துறைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். மேட்டில் நட்டது ஒன்றுகூடத் தப்பவில்லை. முதலில் வெளுத்தன, பிறகு அழுக்கு மூடியது. அங்கே குளிர்ந்த தண்ணீர் விழும் மூலைக்கு எங்கே போவது?

ஒரு நாள் காலை டாக்டர் தொட்டி அறைக்கு வந்தார். “ஹீட்டரைப் போடுங்க. குழாயையும் திறங்க” என்று என்னிடம் சொன்னார். காலித் தொட்டியின் இரண்டு மூலையிலும் இரண்டு வெப்பமானிகளைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். வித்தியாசம் இரண்டு டிகிரி. பவளத்துக்கு அது சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே உள்ள தூரம். கவிழ்த்து வைத்திருந்த வாளியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என் தப்புதாம்மா. நீ சொன்ன அன்னைக்கே அளந்திருக்கணும். எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன்” என்றார்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

கிளம்புவதற்காக எழுந்தவர், வாசல்வரை போய்த் திரும்பினார். “ஏம்மா, எல்லாத்தையும் மாத்தினியா? ஒரு தடவைகூட மாத்தாம ஹீட்டர் பக்கத்துலயே இருந்து பொழைச்சது ஏதாவது உண்டா?”

அவர் என்ன கேட்கிறார் என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. அண்ணிக்கு உறைத்தது.

“ஒண்ணு இருந்துச்சு சார். அது வெளுக்கவே இல்ல. அதனால நான் தொடவே இல்ல.”

“எது? எங்க நட்டோம் அதை?”

“நடல சார்.” அண்ணி வாசல் பக்கம் கையைக் காட்டினார். “பொட்டியில வெக்க நல்லதா ஒண்ணு கேட்டீங்களே.”

மூன்று பேரும் வாசலுக்குப் போனோம். எதற்குப் போனோம் என்று தெரியவில்லை. ஓரம் உடைந்த ஓட்டின்மேல் அந்தத் துண்டு உட்கார்ந்திருந்தது. நான் மாட்டிய பல்பு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் கண்ணாடியின்மேல் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார். நான் பல்பை அணைத்தேன். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணி கைகால்கூடக் கழுவவில்லை. பெரியவளின் பாயைச் சமையலறைச் சுவரிலிருந்து இழுத்து ஜன்னலுக்குக் கீழே, சின்னவளின் படுக்கைக்குப் பக்கத்தில் போட்டார். படித்துக்கொண்டிருந்த பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எதுக்கும்மா? நான் நல்லாத்தானே இருக்கேன்?”

அண்ணி அவள் தலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகிற அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.