மறுபடியும் பலகை ஏற வந்தவர்கள்

புதிதாக ஒரு விளையாட்டுக்கு வருகிறவனுக்குச் சாமான் விற்பது சுலபம். விட்ட விளையாட்டுக்குத் திரும்பி வருகிறவனுக்கு விற்பதுதான் பிராணாவஸ்தை. புதியவன் நாம் சொல்வதைக் கேட்பான். திரும்பி வருகிறவன் தன் ஞாபகத்தைத்தான் கேட்பான்.

நான் சொல்வது தொண்ணூற்றொன்றாம் வருஷத்து அனுபவங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் எனக்கு ஒரு ஃபைபர் கிளாஸ் பட்டறை இருந்தது. வயிற்றுப்பாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்தேன். ஆசைக்கு விண்ட் சர்ஃபிங் போர்டுகளை ஒட்டி, தேய்த்து, விற்றேன். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்தைவிட நீளமான ஒரு மிதவைப் பலகை, அதில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பாய். பலகையில் ஏறி நின்று, பாயோடு இணைந்த ‘பூம்’ என்ற குறுக்குக் குழாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் காற்று இழுத்துக்கொண்டு போகும். பிடி விட்டால் தண்ணீரில் விழ வேண்டியதுதான்.

என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் மறைமலை நகர்ப் பக்கம் கம்பெனி வேலையில் இருந்தவர்கள். வாலிபத்தில் மெட்ராஸ் கடலில் பலகை ஏறியவர்கள். பிறகு வேலை, கல்யாணம், குழந்தை, ஓ.டி. என்று போய்விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது பழைய ஆசை வந்தவர்கள். உங்களில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர்கள் இருந்தால், “எனக்கு எப்பவும் முப்பது இஞ்ச்தான்” என்று சொல்லிக்கொண்டு முப்பத்தாறு இஞ்ச் இடுப்போடு வருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

எடை மேடை

பலகை தேர்ந்தெடுக்க முதலில் தெரிய வேண்டியது ஆளின் எடை. கனத்த ஆளைச் சின்னப் பலகை தாங்காது. அவர் பாட்டுக்கு மேலே நிற்பார், பலகை கீழே போய்விடும். ஆனால் எடையைக் கேட்டால் யாரும் இன்றைய எடையைச் சொல்ல மாட்டார்கள். கடைசியாகப் பலகை ஏறிய அன்று என்ன எடை இருந்தார்களோ அதைத்தான் சொல்வார்கள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருக்காது.

பர்ச்சேஸ் ஆபீசர் ஒருவர் வந்தார். அறுபத்திரண்டு கிலோ என்றார். சட்டைப் பொத்தான்கள் வேறு விதமாகச் சொல்லின. நான் வாதாடவில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் ரைஸ் மில் இருந்தது. எல்லாரிடமும் சொல்வதுபோல, காற்று எப்படி இருக்கிறதென்று பார்த்து வரலாம் என்று அழைத்துப் போய், நெல் நிறுக்கிற மேடைத் தராசில் ஏறச் சொன்னேன். செருப்பைக் கழற்றினார், கடிகாரத்தைக் கழற்றினார், மூச்சைக்கூட இழுத்துப் பிடித்தார். முள் எண்பத்து நாலைத் தாண்டித்தான் நின்றது. மில்லில் நிறுவை பார்க்கிறவர் ரொம்ப மரியாதையான மனுஷர். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, கரிசனத்தோடு கேட்டார்:

“சாக்கு எடை கழிக்கணுமா சார்?”

வலது கை

தேவராஜ் வந்தபோது நான் எடை கேட்கவில்லை. மெலிந்த ஆள். வந்ததிலிருந்து வலது கையை பேன்ட் பையிலேயே வைத்திருந்தார். ஐ.டி.ஐ. படித்த காலத்தில் மெட்ராஸில் ஒரு பாய்ப்படகுக் கிளப்பில் ஞாயிறுதோறும் படகு கழுவப் போவாராம். அங்கேயே பலகை ஏறவும் கற்றுக்கொண்டாராம். எத்தனை பெரிய பாய் பிடித்தீர்கள் என்று கேட்டேன். பதிலுக்குக் கையை வெளியே எடுத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. பிரஸ் ஷாப்பில், இரும்புத் தகடு அழுத்துகிற மிஷினில் போனது என்றார். இப்போது அதே கம்பெனியில் ஸ்டோர்ஸில் உட்கார வைத்திருக்கிறார்கள். எழுதுவது, எடுத்துக் கொடுப்பது எல்லாம் இடது கைதான். வீட்டில் மனைவி கிரேஸ் வாளித் தண்ணீரைக்கூட அவரைத் தூக்க விடுவதில்லை.

என் பட்டறையில் ஒரு பரீட்சை உண்டு. பூமைக் கயிற்றில் கட்டி, கயிற்றைக் கப்பியில் விட்டு, மறுமுனையில் ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிடுவேன். மூட்டை பாயைப் போல இழுக்கும். பக்கத்தில் ஒரு டீயை வைப்பேன். அது ஆறும் வரை பிடித்து நிற்க வேண்டும். தேவராஜின் டீயில் ஆவி அடங்குவதற்குள் வலது கை நழுவிவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று. எதற்கு இந்த வம்பு, ஏரியில் தூண்டில் போடலாமே என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. டீயை எடுத்துக் குடித்துவிட்டுச் சொன்னார்:

“கம்பெனில என் வலது கைய ரிட்டயர் பண்ணிட்டாங்க. வூட்லயும் பண்ணிட்டாங்க. நான் இன்னும் பண்ணல சார்.”

நெல் காய்ந்த பாய்

வாலாஜாபாத் பக்கத்து ஃபோர்மேன் ஒருவருக்குப் பலகை மட்டும்தான் வேண்டுமாம். பாய் அவரிடமே இருக்கிறதாம், அந்தக் காலத்து ராசியான பாய், ஏழு வருஷமாகப் பத்திரமாக வீட்டில் இருக்கிறதாம். திரும்பி வருகிறவர்கள் முதலில் சின்னப் பாயில் கை பழக வேண்டும், பழைய பெரிய பாயைப் பிடித்தால் தோள்பட்டை போய்விடும் என்று எவ்வளவோ சொன்னேன். ராசி என்றார். சரி, பாயைப் பார்க்கலாம் என்று அவர் ஸ்கூட்டரிலேயே போனேன்.

தை மாசம். வீட்டுக்கு முன்னால் களத்தில் ராசியான பாய் விரித்துக் கிடந்தது. அதன் மேல் நெல். ஓரத்தில் கொஞ்சம் மிளகாய். ஏழு வருஷ வெயிலில் துணி அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஃபோர்மேன் குனிந்து பாயின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் மனைவி காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்:

“உனுக்கு வேணும்னா புச்சா சின்னதா ஒண்ணு வாங்கிக்கோ. இத எடுத்துக்கினு போய்ட்டா நெல்ல எங்க கொட்றது?”

நான் ஒரு மணி நேரம் தொண்டை வறளச் சொன்னதை அந்த அம்மாள் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

தோல் பட்டை

தேவராஜ் மறு வாரமும் வந்தார். இந்தத் தடவை நான் தயாராக இருந்தேன். இருப்பதிலேயே ஒல்லியான பூமை எடுத்து, தடித்த ரப்பர் உறையை உரித்துவிட்டு, சைக்கிள் டியூப்பை வெட்டி இறுக்கமாகச் சுற்றி வைத்திருந்தேன். பிடி நன்றாகவே நின்றது. ஆனால் டீ பாதி ஆறியதும் மறுபடி நழுவியது. அதற்கும் ஒரு வழி யோசித்திருந்தேன். மணிக்கட்டில் கட்டிக்கொள்ள ஒரு தோல் பட்டை, பட்டையிலிருந்து பூமுக்கு ஒரு கயிறு. விரல் சோர்ந்தாலும் கை விலகாது. பெருமையோடு எடுத்து நீட்டினேன்.

அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். பிரஸ்ஸில் நிற்கிறவர்களுக்கு மணிக்கட்டில் இதே மாதிரிப் பட்டை கட்டுவார்களாம். மேல் அச்சு இறங்கும்போது பட்டையில் இருக்கிற கம்பிக் கயிறு கையைப் பின்னால் இழுத்துவிடும். கை அச்சுக்குள் மாட்டாது. ஆனால் வேர்வையில் அரிக்கும், வேகமாக வேலை செய்ய விடாது. ஓ.டி. நேரத்தில் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போனதும் எல்லாரும் கழற்றிவிடுவார்களாம். அன்றைக்கு இவரும் கழற்றியிருந்தார். இதையெல்லாம் யாரோ மூன்றாம் மனுஷன் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். பட்டையை எங்கே மறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அவரே வாங்கி மேஜை மேல் வைத்தார்.

“கட்டிவெச்சா கழட்டத்தான் சார் தோணும். கட்டாததா ஒண்ணு குடு.”

நீர்க்காகம்

பலகையைச் சோதித்துப் பார்க்க நாங்கள் பிள்ளைப்பாக்கம் ஏரிக்குப் போவோம். மழைக்காலம் முடிந்து பங்குனி வரை தண்ணீர் நிற்கும். சாயங்காலம் கடற்காற்று தட்டுத் தடுமாறி அதுவரை வந்து சேரும். அந்த ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவர் ஏழுமலை. முதல் நாள் நான் பாயை நிமிர்த்தியதும் பரிசலில் வேகமாக வந்தார். மீன் மிரண்டு ஓடிவிடும், உடனே கிளம்புங்கள் என்றார். அன்றைக்குச் சத்தமில்லாமல் மூட்டை கட்டினோம்.

மூன்றாம் நாள் அவரே பட்டறைக்கு வந்துவிட்டார். ஏதோ தகராறுக்குத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு நாற்காலி போட்டேன். விஷயம் அதுவல்ல. கூட்டம் கூட்டமாக வந்து மீனைக் கொத்திக்கொண்டு போகிற நீர்க்காகங்கள் எங்கள் சிவப்புப் பாயைப் பார்த்த அன்று இறங்கவே இல்லையாம். பாயைத் தினமும் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடியும், அதுவும் எங்கள் ஆட்கள் விழுந்தால் உங்கள் பரிசல் வந்து தூக்க வேண்டும் என்றேன். ஏழுமலை வியாபாரி. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

“வுழட்டும், தூக்கிக்கலாம். ஆனா செவப்பா ஒண்ணு எப்பவும் நின்னுக்கினு இருக்கணும்.”

இடுப்புக் கச்சை

கட்டாத ஒன்று. இதுவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாயின் இழுப்பை விரல் தாங்காவிட்டால் உடம்பு தாங்கட்டும் என்று ஒரு வழி உண்டு. இடுப்பில் ஒரு கச்சை, கச்சையில் ஒரு திறந்த கொக்கி. பூமில் ஒரு கயிற்று வளையம். வளையத்தைக் கொக்கியில் மாட்டிச் சாய்ந்தால் பாரமெல்லாம் இடுப்புக்குப் போய்விடும். உடம்பைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனால் வளையம் தானாகக் கழன்று விழும். அவிழ்ப்பதற்கு எதுவும் இல்லை. நன்றாகப் பழகியவர்களுக்கான சாமான் அது. திரும்பி வருகிறவன் முதல் நாளே போட்டால் காற்று அவனைப் பாயோடு சேர்த்துத் தூக்கி எறியும். அதனால் யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். இதைத் தேவராஜிடம் சொன்னபோது, எறிந்தால் தண்ணீரில்தானே விழுவேன் என்றார்.

லாரிக்கும் பஸ்ஸுக்கும் சீட் தைக்கிற பாஷா எங்கள் சாலையிலேயே இருந்தார். படம் போட்டுக் காட்டினேன். இடுப்பைச் சுற்றி அகலமான பட்டை, உள்ளே ஸ்பாஞ்ச், தோளுக்கு இரண்டு வார், முன்னால் இரும்புக் கொக்கி. பாஷா படத்தைத் தலைகீழாகவும் பார்த்தார். யாருக்கு என்று கேட்டார். அவசரத்தில், நம்ம தேவராஜுக்கு என்று மட்டும் சொன்னேன். அவருக்குத் தேவராஜைத் தெரியாது.

“அது சரி சார். மாடா, மனுசனா? அளவு எடுக்கணும்ல.”

ஞாயிற்றுக்கிழமை

தேவராஜோடு கிரேஸும் வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தார் போல. ஆனால் ஏரிக்கரையில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஏழுமலை பரிசலோடு தயாராக நின்றார். இருப்பதிலேயே அகலமான பலகை, சின்னச் சிவப்புப் பாய், சைக்கிள் டியூப் சுற்றிய பூம், பாஷாவின் கச்சை. நான் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஆனால் கச்சை நேராகப் போவதற்கு மட்டும்தான் உதவும். திரும்பும்போது கொக்கியைக் கழற்றிவிட்டுப் பாயைச் சுற்றி மறுபக்கம் போக வேண்டும். கை மாற்றுகிற அந்த ஒரு கணம் அவருடைய வலது கை மட்டும்தான் பூமில் இருக்கும். பட்டறையில் அதைச் சோதிக்க வழி கிடையாது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நேராக நன்றாகவே போனார். இடுப்பு பாரத்தை வாங்கிக்கொண்டது. அக்கரைக்குப் பக்கத்தில் திரும்பினார், விழுந்தார். ஏழுமலை துடுப்பை எடுத்தார். வேண்டாம் என்று தேவராஜ் தலையை ஆட்டினார். மறுபடி ஏறி, மறுபடி திரும்பி, மறுபடி விழுந்தார். சத்தம் கேட்டு கிரேஸ் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு அவர் முதுகைக் காட்டவில்லை. எதற்கு இவர் ஆசையைக் கிளறிவிட்டோம் என்று என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

மூன்றாவது தடவை கொக்கி கழன்றது. இடது கை பூமை விட்டது. பாய் உதறியது. வலது கை விடவில்லை. இடது கை மறுபக்கம் போய்ப் பூமைப் பிடித்ததும் பாய் காற்றை வாங்கியது, சிவப்பாக எங்களை நோக்கி வர ஆரம்பித்தது. ஏழுமலை துடுப்பைக் கீழே போட்டுவிட்டு பீடி பற்றவைத்தார்.

கரைக்கு வந்ததும் தேவராஜ் வலது கையை விரித்து உற்றுப் பார்த்தார். நேராக கிரேஸிடம் போய் அதை நீட்டினார். காயம் என்று பதறி அந்த அம்மாள் முந்தானையால் துடைத்தார். கட்டைவிரல் போக மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்குக் கீழே வரிசையாக, நீர் கோத்துக்கொண்டு, மூன்று கொப்புளங்கள்.

“தொடைக்காத, அது இருக்கட்டும். பிரஸ்ஸ வுட்டதுலேந்து இந்தக் கையில ஒரு கொப்புளம் வந்துதா, சொல்லு?”

என் சாமானால் கை புண்ணாகி அதைச் சந்தோஷமாகக் காட்டிய வாடிக்கையாளர் என் தொழிலில் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும், எனக்குத் தெரிந்தவரை, மில் தராசு சரியில்லை என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.