ஜெபம் பண்ணின மருந்து

என் மகள் ரூத்தின் கழுத்தில் கட்டி வந்தது அறுபத்திரண்டாம் வருஷம், நடவு நேரத்தில். முதலில் நெல்லிக்காய் அளவு. பிறகு எலுமிச்சம்பழம் அளவு. வலி இல்லை என்றாள். வலி இல்லாததால் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது அவளுக்கு ஏழு வயது.

நான் யாக்கோபு. பெருநகர் என்கிற ஊருக்குப் பக்கத்துச் சேரி. கழனி வேலை செய்கிறவன். மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். இதை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிக் கொடு என்று எங்கள் ஜெபவீட்டு உபதேசியார் சொன்னார். எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதராஸ் தர்ம ஆஸ்பத்திரியில் கட்டியைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார்கள். புற்றுநோய் என்றார்கள். "குழந்தைக்குமா வரும்?" என்று கேட்டேன். "வரும்" என்றார் டாக்டரம்மா.

கழுத்துக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர் வைத்தியம்தான். ஒரு பெரிய மெஷினுக்குக் கீழே அவளைத் தனியாகப் படுக்கவைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். கட்டி கரைந்தது. பின்கழுத்தில் முடி கொட்டியது. தொண்டை புண்ணாகி எச்சில் விழுங்க முடியாமல் அழுதாள். பிறகு ஜுரம் வந்தது. கை வைத்தால் சுட்டது. ஊசி போட்டார்கள். கேப்சூல் ஒரு புட்டி கொடுத்து, "இது தீர்ந்ததும் கூட்டிக்கொண்டு வா" என்று ஊருக்கு அனுப்பினார்கள்.

எங்கள் ஜெபவீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டுக்கு மருந்து வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து, காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைக்க வேண்டும். சபை முழுக்கக் கையை நீட்டி ஜெபிக்கும். அப்படித்தான் அந்தப் புட்டியையும் வைத்தோம். ராகேல், என் மனைவி, கேப்சூலைப் பிரித்துத் தூளைத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். அந்த வாரமே ஜுரம் விட்டது.

அடுத்த ஞாயிறு சபை முன்னால் சாட்சி சொல்லச் சொன்னார்கள். எழுந்து, "சொரம் போச்சு, ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்தேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அன்றிலிருந்து அந்தப் புட்டிக்குச் சேரியில் ரூத்து மருந்து என்றே பெயர் ஆகிவிட்டது.

பிறகுதான் பேதி ஆரம்பித்தது.

முதலில் தண்ணீராகப் போயிற்று. பிறகு சளி. ஒரு மாதிரி நாற்றம், வழக்கமான நாற்றம் இல்லை. மாந்தம் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். எங்கள் எதிர்வீட்டு சாலோமி வந்து வாசலில் நின்றாள். ராகேலுக்கு அக்கா முறை. வாய் கொஞ்சம் அதிகம்.

"ஆண்டவரு தொட்ட மருந்து வவுத்தக் கெடுக்குமாடி? நீ இன்னா துன்னக் குடுத்த, அதச் சொல்லு."

"கஞ்சித் தண்ணிதான் குடுத்தேன். உன் வூட்டுக் கோயிக் கொயம்பா குடுத்தேன்?"

"எங்கூட்ல கோயி இருந்தா நானே துன்னுருப்பேனே."

புட்டி தீர்ந்தது. மதராஸுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஜுரம் இல்லையே, பேதி நின்றதும் போகலாம் என்று நினைத்தோம். உபதேசியார் நல்ல மனுஷர். காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போய், மருந்துக்கடையில் காட்டி அதே மாதிரி இன்னொரு புட்டி வாங்கி வந்தார். "வேலை செஞ்ச மருந்து யாக்கோபு, நடுவுல உடக்கூடாது" என்றார். அதையும் மேசைமேல் வைத்தோம். அதற்கும் கை நீட்டினோம்.

பேதி நிற்கவில்லை. வயிறு தம்பட்டம் மாதிரி உப்பியது. ரத்தம் போக ஆரம்பித்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜுரம் போகவேண்டும் என்று கேட்டேன், போயிற்று. மருந்து வேண்டும் என்று கேட்டேன், வந்தது. கேட்டதெல்லாம் கிடைத்தது. பிள்ளை போய்க்கொண்டிருந்தாள். ஆண்டவர் ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுக்கிறாரா? என் சாட்சியில் ஏதாவது குறையா? ஏர் ஓட்டும்போதும் இதே யோசனை. மாடு எங்கே போகிறது என்று கூடப் பார்க்கவில்லை.

அந்த ஞாயிறு வெளியூர்ப் போதகர் வந்திருந்தார். உபதேசியார் அவரிடம், "எங்க யாக்கோபு மக ரூத்து, சொரம் உட்டுப் போச்சு. யாக்கோபு, எய்ந்து அந்தச் சாட்சிய அய்யாவுக்குச் சொல்லு" என்றார்.

எழுந்தேன். பெண்கள் பக்கம் ராகேல் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கண் பாதி திறந்திருந்தது.

"சொரம் போச்சுன்னு சொன்னேன். அது நெசம். இப்ப ரத்தமா போவுது. இதுவும் நெசம். எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முட்டி போட்டேன். "ஆண்டவரே, இனிமே இன்னா கேக்கறதுன்னு எனக்குத் தெர்ல. நீயே பாரு" என்றேன். என் ஜெபம் அவ்வளவுதான்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. இப்படி ஒரு ஜெபத்தை அவர்கள் கேட்டதில்லை. சாலோமிதான் எழுந்து ராகேலிடம் போனாள். பிள்ளைக்குக் கீழே இருந்த துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அடப்பாவி யாக்கோபு, முட்டி போட்டுக்கினு கீறியே! அய்யா பிரசங்கம் முடியற வரைக்கும் கொயந்த தாங்காது. எய்ந்திரு. யாராவது வண்டியக் கட்டுங்கய்யா!"

ஆராதனை பாதியில் நின்றது. போதகர் பைபிளை மூடி வைத்துவிட்டு, பிள்ளையின் தலைப் பக்கம் பிடித்துத் தூக்கினார். உத்திரமேரூர் வரைக்கும் வண்டி, அங்கிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ், அப்புறம் மதராஸுக்கு ரயில். வழி முழுக்க நான் ஆண்டவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

டாக்டரம்மா வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளின இடம் அப்படியே நின்றது. உடம்பில் தண்ணீரே இல்லை என்றார். "வீட்டில் என்ன கொடுத்தீங்க?" என்றார். மடியிலிருந்து புட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"நான் கொடுத்தது தீர்ந்திருக்கணுமே. இது வேற புட்டி. யாரு கொடுக்கச் சொன்னது?"

"ஜெபம் பண்ண மருந்துங்கம்மா. சொரம் உட்டுச்சே, அதான்."

திட்டுவார் என்று நினைத்தேன். புட்டியைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஜெபத்தை நிறுத்தாதே. மருந்தை நிறுத்து" என்றார்.

பிறகு எனக்குப் புரியும்படி சொன்னார். வயிற்றுக்குள் நமக்கு நல்லது செய்கிற கிருமிகள் நிறைய உண்டாம். இந்த மருந்து ஜுரக் கிருமியோடு அவற்றையும் கொன்றுவிடுகிறதாம். அப்போது இந்த மருந்துக்குச் சாகாத கெட்ட கிருமி ஒன்று காலி இடத்தைப் பிடித்துக்கொண்டு குடலைப் புண்ணாக்குகிறதாம். புற்றுநோய் வைத்தியத்தில் இளைத்துப் போன பிள்ளைகளால் அதைத் தாங்க முடியாதாம்.

"அப்ப அது கெட்ட மருந்துங்களா?"

"நல்ல மருந்துதான். அது இல்லேன்னா ஜுரத்திலேயே போயிருப்பா."

இரண்டும் எப்படிச் சரியாகும் என்று எனக்கு இன்று வரைக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கேப்சூலை நிறுத்தினார்கள். கையில் சலைன் ஏற்றினார்கள். குடலுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் செய்யாறு பக்கத்துப் பெண் பிள்ளை ஒன்று, இதே நோய், இதே பேதி. அவள் அம்மாவும் உருகித்தான் கேட்டாள். அந்தப் பிள்ளை போய்விட்டது. என் பிள்ளை ஏன் பிழைத்தாள், அந்தப் பிள்ளை ஏன் பிழைக்கவில்லை என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அதை மறைத்துவிட்டுச் சாட்சி எழுத எனக்கு மனசு வரவில்லை.

ரத்தம் நின்றது. வயிறு இறங்கியது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், அப்புறம் மோர். ஒரு நாள் காலை ரூத் என் கையைச் சுரண்டினாள்.

"நைனா, கருவாட்டுக் கொயம்பு வோணும்."

"டாக்டரம்மா திட்டுவாங்க."

"ஜெபம் பண்ணிட்டுக் குடு. ஒண்ணும் ஆவாது."

ராகேல் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

மிச்சம் இருந்த கரண்டும் பிறகு வைத்தார்கள். இப்போது அவள் ஆடு மேய்க்கப் போகிறாள். பின்கழுத்தில் ஒரு இடத்தில் முடி முளைக்கவே இல்லை. பின்னலைப் போட்டு மறைத்துக்கொள்கிறாள். கட்டி திரும்ப வருமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "தெரியாது யாக்கோபு, பார்ப்போம்" என்றார். முன்பு அந்த வார்த்தை என்னைப் பயமுறுத்தியிருக்கும். இப்போது இல்லை. நானும் அதையேதான் ஆண்டவரிடம் சொன்னேன்.

எங்கள் ஜெபவீட்டில் இப்போதும் மருந்தை மேசைமேல் வைக்கிறோம். ஆனால் ஜெபத்துக்கு முன்னால் உபதேசியார் கேட்பார்: "டாக்டர் எதுவரைக்கும் குடுக்கச் சொன்னாரு? எப்ப நிறுத்தச் சொன்னாரு?" வீட்டுக்காரர் சத்தமாகச் சொல்ல வேண்டும். சபை அதற்கும் ஆமென் சொல்லும். முதலில் சொல்லுவது சாலோமிதான்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். ஜெபிக்க நல்ல வார்த்தை வரவில்லையே என்று நிற்காதீர்கள். எனக்கும் வரவில்லை. இன்னது வேண்டும் என்று தெரிந்து கேட்டபோதெல்லாம் நான் கேட்டதைக் கொடுத்தார். தெரியவில்லை என்று சொன்ன அன்று பிள்ளையைக் கொடுத்தார். அவருக்கு ஸ்தோத்திரம். மற்றது எனக்குத் தெரியாது.