சத்தம் போடாத குழந்தை

என் அண்ணன் தன் பெண்ணை வேண்டுமென்றே காருக்குள் வைத்துப் பூட்டிக் கொன்றானா, மறந்து தொலைத்தானா என்று புதுச்சேரி ஒரு மாதம் பேசியது. பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருடம் ஆகியிருந்த நேரம். ஊரில் கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். காரில் ஒரு நாளும் கால் வைக்காதவர்கள்கூட அதன் கண்ணாடியைப் பற்றியும் கதவைப் பற்றியும் சட்டம் பேசினார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பேசியிருக்க வேண்டியவள் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் ஒரு முசியே வீட்டில் டிரைவராக இருந்தான். முசியே என்றால் வெள்ளைக்காரர் இல்லை. வீட்டில் பிரெஞ்சு பேசும் நம் ஊர்க்காரர், பெரிய உத்தியோகம். காரில் டிரைவரின் ஆட்கள் யாரும் ஏறக் கூடாது, நிறுத்தினால் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட வேண்டும். இவை அவர் போட்ட சட்டங்கள்.

அண்ணி இரண்டாவது பிரசவத்துக்குத் தவளக்குப்பத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். நாலு வயதுப் பெண் அப்பாவை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்ததால் எங்களிடம் விட்டுப் போனாள். எங்களுக்கு வேறு பெரியவர்கள் கிடையாது. காலையில் நான் கன்னியாஸ்திரிகளின் மடத்துக்கு எம்ப்ராய்டரி வேலைக்குப் போய்ப் பத்து மணிக்குத் திரும்புவேன். அங்கே குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. அந்த இரண்டு மணி நேரம் அவளை எங்கே விடுவது?

காரில் விடலாம் என்ற யோசனை என்னுடையது. முன் சீட்டுக்குக் கீழே, அண்ணனின் காலுக்குப் பக்கத்தில் அவள் சுருண்டு படுக்க வேண்டும். மேலே கார் துடைக்கிற துணி. அப்பா கதவை இரண்டு தடவை தட்டும்வரை தலையைத் தூக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, கதவில் கை வைக்கக் கூடாது. விளையாட்டு என்று சொல்லித்தான் பழக்கினேன். வீட்டில் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்து, அவள் சிரித்தால் தோற்றுவிட்டாள் என்பேன். நாலைந்து நாளில் நான் காலைக் கிள்ளினால்கூட அசையாமல் கிடந்தாள். என்ன கெட்டிக்காரி என்று எனக்கு ஒரே பெருமை.

தினமும் பத்து மணிக்குத் தெருமுனையில் அண்ணன் காரை நிறுத்தி இரண்டு தட்டு தட்டுவான். அவள் துள்ளி எழுந்து என் இடுப்பில் ஏறிக்கொள்வாள். "அத்த, இன்னைக்கும் நான் ஜெயிச்சுட்டேன்" என்பாள்.

அந்தக் கத்திரி வெயில் நாளில் நான் தாமதமாக வந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை. மடத்தில் ஒரு மேசைவிரிப்பின் பூ வேலை முடியாமல் இருந்தது, முடித்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் காத்திருந்து பார்த்துவிட்டு, முசியேவை அழைத்துவரக் குழந்தையோடே போய்விட்டான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிவருவான் என்று நான் நினைத்தேன். வராதபோது, முசியே வேலை வைத்திருப்பார் என்று இருந்துவிட்டேன்.

முசியேவை வீட்டில் இறக்கிக் காரைத் தகரக் கொட்டகையில் விடும்போது வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. அண்ணிக்கு வலி எடுத்துவிட்டது என்று தவளக்குப்பத்திலிருந்து அவள் தம்பி வந்திருந்தான். அண்ணன் பழக்கத்தில் கண்ணாடி ஏறியிருக்கிறதா என்று பார்த்தான், கதவைப் பூட்டினான், சைக்கிளின் பின்னால் ஏறினான். அந்த நேரத்துக்குப் பெண் தினமும் என்னிடம் இருப்பாள். அன்றைக்கும் இருக்கிறாள் என்றே அவன் மனம் கணக்குப் போட்டுக்கொண்டது. புதுச்சேரியில் மத்தியானம் கடை, ஆபீஸ் எல்லாம் சாத்திவிட்டுத் தூங்குவார்கள். கொட்டகைப் பக்கம் யாரும் போகவில்லை.

தவளக்குப்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அண்ணன் கற்கண்டு வாங்கிக் கொடுத்தானாம். பெரியவள் எங்கே என்று மாமியார் கேட்டதற்கு, "அத்தகிட்ட இருக்கா" என்றானாம். நாலு மணிக்கு முசியே வெளியே போக, வீட்டில் இருந்த மாற்றுச் சாவியால் காரைத் திறந்தார்கள்.

ஊருக்கு வேறென்ன வேண்டும்? தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு வழக்கு நடத்தினார்கள்.

"பெத்தவன் மறப்பானா? சாவிய மறப்பான், கொடைய மறப்பான்."

"மறந்தவன் ஏன் மொகத்த மூடித் துணி போட்டான்?"

"ஆம்பளப் புள்ள பொறந்திடிச்சு இல்ல, அதான் கற்கண்டு."

இல்லை, பாவம், பிரசவ சேதியில் புத்தி கலங்கிப்போயிருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களையும் ஒரே கேள்வி மடக்கிவிடும். நாலு வயசுப் பெண், தொண்டை நல்லா இருக்கிற பெண், ஏன் கத்தவில்லை? ஏன் கதவை உதைக்கவில்லை? எதையோ கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறான் என்று முடித்துவிடுவார்கள். எனக்குப் பதில் தெரியும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். சீ, என்ன பிறவி நான்.

பயந்தேன், வேறொன்றுமில்லை. அண்ணனைப் போல என்னையும் பிடித்துப்போடுவார்கள் என்று பயந்தேன். அண்ணிக்குத் தெரிந்தால் அதற்குப் பிறகு எப்படி உயிரோடு இருப்பது என்று அதைவிடப் பயந்தேன். விசாரணையில் அண்ணன் என் பெயரை எடுக்கவே இல்லை. "நான்தான் கூட்டிட்டுப் போவேன், நான்தான் மறந்தேன்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

முசியே விசாரணை நீதிபதியிடம் அடித்துச் சொன்னார்: என் காரில் ஒரு நாளும் எந்தக் குழந்தையும் வந்ததில்லை, ஒரு கை தூரத்தில் குழந்தை இருந்தால் எனக்குத் தெரியாதா? அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்கத்தான் நான் அவளைப் பழக்கியிருந்தேன். ஆனால் அதற்கு அர்த்தம், அன்று ஒரு நாள் மட்டும் அண்ணன் பெண்ணைத் துணி போட்டு ஒளித்துவைத்தான் என்பது. அண்ணனின் தலை போய்விடும் என்று கோர்ட் வாசலில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுத்தான் நான் உள்ளே போனேன்.

விளையாட்டைச் சொன்னேன். மொழிபெயர்ப்பவர் பிரெஞ்சில் சொன்னார். நீதிபதி நம்பவில்லை. அண்ணனைக் காப்பாற்ற வந்த தங்கை என்று நினைத்தார். முசியே எதிரில் உட்கார்ந்திருந்தார். அவரைக் காட்டி நான் சொன்னேன்:

"ஐயா, இவரு கார்ல தனியா இருந்தா பொய்ப்பல்ல கழட்டிக் கைக்குட்டையால தொடைப்பாரு. தொடைக்கிறப்ப வாய்க்குள்ள பாடுவாரு. கொழந்த சீட்டு சந்துல பாத்துட்டு வந்து, எங்கிட்ட நடிச்சுக் காட்டும்."

மொழிபெயர்ப்பவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அறையில் யாரும் சிரிக்கவில்லை. முசியேவின் முகம் இரத்தம் இறங்கி வெளுத்தது. "உய்" என்றார். ஆமாம் என்று. பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை மாதம் அவள் அங்கே இருந்தாள் என்று தமிழில் என்னைக் கேட்டார். மூன்று மாதம் என்றேன்.

அண்ணனை விட்டுவிட்டார்கள். ஊர் அதற்குப் பிறகும் பேசியது, இப்போது என்னைப் பற்றியும். பேசட்டும் என்றிருந்தேன். அண்ணி கைக்குழந்தையோடு வந்த அன்று எல்லாவற்றையும் அவளிடம் நானே சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்க" என்று மட்டும் சொன்னாள். அடித்திருக்கலாம்.

அன்று சாயங்காலம் தொட்டிலில் பையன் வீறிட்டு அழுதான். அண்ணன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் ஓடிப்போய்த் தொட்டிலை ஆட்டி, "அழாதடா, சத்தம் போடாத" என்றேன். அண்ணி வந்து என் கையைப் பிடித்துத் தொட்டிலிலிருந்து எடுத்தாள்.

"அழட்டும்" என்றாள். "எங்க இருக்கான்னு தெரியட்டும்."