எல்லைக்குப் போகும் என் முறுக்கு

இன்று தீபாவளி. எதிர்வீட்டு ராசம்மாள் அக்காவுக்கு மட்டும் இல்லை. பங்களாதேஷ் சண்டையில் அவர் மகன் போய்விட்டான்.

துக்க வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள் என்பதால், கம்பத்தில் எங்கள் தெருவே கொண்டுபோய்க் கொடுத்தது. நானும் முறுக்கு கொடுத்தேன்.

மத்தியானம் குமுளிக்கு அந்தப் பக்கம், கேரளாக்காரர் ஒருவர் அக்காவைப் பார்க்க வந்தார். மகனோடு பட்டாளத்தில் இருந்தவர். லீவு முடிந்து எல்லைக்குத் திரும்புகிறார்.

அக்கா எல்லாப் பலகாரத்தையும் அவருடைய டிரங்குப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

"எனக்கு ஒரு வாய் எறங்கல தம்பி. அவன்கூட இருந்த பிள்ளைக திங்கட்டும்."

நான் பக்கத்தில் நிற்கும்போதே, என் முறுக்கு கைக்கு வந்ததும் ஒடித்துப் பார்த்தார். லேசில் ஒடியவில்லை.

"இது எதுத்த வீட்டுக்காரி சுட்டது. திங்கிறதுக்கில்ல. குண்டு தீந்துபோச்சுன்னா எடுத்து எறிங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சேதி வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. சிரித்தபடியே, ஒடிந்த துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

"கல்லுதான். ஆனா உப்பு சரியா இருக்குடி."

எனக்கு ரோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அடுத்த தீபாவளிக்கும் இதே பதத்தில்தான் சுடுவேன். மாவில் வெண்ணெய் சேர்க்கச் சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.