அட்டை மறைத்த கிணறு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இன்றைக்கு என் லாரிகள் வரிசையாகப் போனால் பார்க்கிறவர்கள் வாய் பிளப்பார்கள். எவனுக்கும் அடங்காத நான் என் அக்காவுக்கு மட்டும் அடங்குவேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பிழைப்பைத் தேடிப் போன பிறகு அப்பாவின் நிலத்தைக் கட்டிக் காத்தவள் அவள். கிணறு அவளுக்கும் சித்தப்பா மகனுக்கும் பொது. சித்தப்பா கண் மூடியதும் அவன் மோட்டார் அறையைப் பூட்டிவிட்டான். அக்காவின் மிளகாய்ச் செடிகள் பூவெடுத்த நேரம் அது. தண்ணீரில்லாமல் அவை தலை தொங்கத் தொடங்கிவிட்டன.

"புதுசா போர் போட்டுத் தரேன்கா" என்றேன்.

"நீ போட்டு முடிக்கிறதுக்குள்ள செடி விறகாயிடும். உன் பவுசை மடிச்சு உள்ள வை."

அவனை வீட்டுக்கே வரவழைத்தாள்.

"கிணறு வெட்டுனது எங்கப்பா ஒத்தை ஆளு" என்றான் அவன்.

"ரெண்டு பேரும்தான்டா வெட்டுனாங்க. நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்."

"உன் ஞாபகத்தை வச்சு நான் என்ன பண்ண? கண்ணுல காட்டு."

அக்கா சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றினாள். கிணறு வெட்டும்போது எடுத்தது. அவருக்கு இருந்த ஒரே படம். அதில் மார்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அப்பாவின் சேற்றுக்காலைப் பார்த்து முகம் சுளிப்பார்களே என்று, சட்டம் போடும்போது நாங்களே தடித்த அட்டை வைத்து மறைத்திருந்தோம். பிறகு ஒரு மழையில் கூரை ஒழுகி, முகம் இருந்த இடம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிற்று.

"வேண்டாம்கா, முகம் போயிடும்." நான் குறுக்கே போய்த் தடுத்தேன்.

அவள் கத்தியால் ஆணிகளை நெம்பினாள். படத்தின் ஓரத்தைப் பிடித்தாள். இழுக்க மனம் வராமல் அப்படியே நின்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே இழுப்பு.

அப்பாவின் முகம் திட்டுத்திட்டாகக் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. கையில் வந்த படத்தில் முகமில்லாத அப்பா கயிற்றைப் பிடித்து நிற்கிறார். அவர் காலடியில், குழிக்குள்ளிருந்து மண்கூடையைத் தூக்கிக் கொடுத்தபடி, வாயெல்லாம் பல்லாகச் சித்தப்பா.

அவன் மெல்லக் கை நீட்டினான். அக்கா கொடுக்கவில்லை.

"உங்கப்பா முழுசா இருக்காரு. எங்கப்பா முகம்தான் போச்சு. சாவியைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ."

"அக்கா, நான்..."

"சாவி."

கொடுத்தான். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல் வயலுக்கு நடந்தாள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் ஏந்திக்கொண்டு நின்றேன். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"அங்க என்னடா மரம் மாதிரி நிக்கிற?" என்று கத்தினாள். "வந்து மடையைத் திற!"

கண்ணாடியைக் கட்டிலில் வைத்துவிட்டு ஓடினேன்.