பம்பாயில் இருக்கும் கணவர்

திருப்பூர் வேலம்பாளையத்தில் எனக்கு விடிவதே ஒரு விசாரிப்போடுதான். "ஏங்கண்ணு, உங்க ஊட்டுக்காரரு இந்த வாரமாச்சும் வருவாருங்களா?" லைன் வீட்டுச் சொந்தக்காரம்மா தண்ணீர்க் குழாயடியில் கேட்பார். "பம்பாய்ல லீவு குடுக்க மாட்டேங்காங்கம்மா" என்பேன். எங்கள் கோவில்பட்டிப் பக்கம் அன்பாகப் பேசினாலே சண்டை போலிருக்கும். இங்கே சந்தேகத்துக்குக்கூட ஒரு 'ங்க' போடுகிறார்கள். வந்த புதிதில் அந்த மரியாதையை நம்பி ஏமாந்தேன்.

பள்ளி நாளில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த ஒரு பழைய நாவலைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அதன் நாயகி பிடிக்காத கல்யாணத்தை உதறிவிட்டு, வெளியூரில் தனி வீடு பிடித்து, துணி தைத்துப் பிழைப்பாள். யாருக்கும் பதில் சொல்லமாட்டாள். தாய்மாமனுக்குக் கழுத்தை நீட்டச் சொன்னபோது எனக்குத் தைரியம் கொடுத்தவள் அவள்தான். மாட்டேன் என்று சொல்லிவிட்டுத் திருப்பூர் பஸ் ஏறினேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை உடனே கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

"தனிப் பொம்பளைக்கு ஊடு தர்றதில்லீங்க கண்ணு, தப்பா நெனைச்சுக்காதீங்க." தெருத் தெருவாக இதே பதில்தான் கிடைத்தது. அந்த நாவலாசிரியர் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அவளுக்கு யார் வீடு கொடுத்தார்கள், என்ன சொல்லி வாங்கினாள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஊரிலிருந்து இங்கே வர நினைக்கும் பெண்களுக்காக நான் எழுதிவிடுகிறேன். கோயில் வாசல் கடையில் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி, நானே கட்டிக்கொண்டு, கணவர் பம்பாயில் இருக்கிறார் என்றேன். அன்றே சாவி கிடைத்தது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். ஒருத்தனுக்கும் நீட்டாத கழுத்தில் கயிறு கிடந்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பஸ்ஸிலேயே அதை அவிழ்த்துப் பைக்குள் வைத்தேன். ஆனால் மஞ்சள் கழுத்தில் ஊறியிருந்தது. அம்மா பார்த்துவிட்டாள்.

"யாருட்டி அவன்?"

"ஒருத்தனும் இல்லம்மா. வாடகைக்கு வீடு கெடைக்கணும்னு நானே கட்டிக்கிட்டேன்."

"தாலிய எவளாவது தானே கட்டுவாளா? எந்தச் சாதிப் பயன்னு சொல்லுட்டி!"

சத்தியம் செய்து சொன்னேன். அதை நம்புவதைவிட, மகள் எவனோடோ ஓடிப்போனாள் என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அண்ணன் என் பையைத் தெருவில் வைத்தான். "அவனோடயே போயிரு" என்று அம்மா கதவைச் சாத்தினாள்.

திருப்பூரில் இறங்குவதற்கு முன் கயிற்றை எடுத்து மறுபடி கட்டிக்கொண்டேன். மறுநாள் காலை குழாயடியில் சொந்தக்காரம்மா காத்திருந்தார்.

"தீவாளிக்காச்சும் உங்க ஊட்டுக்காரரு வந்தாருங்களா கண்ணு?"

"வந்தாரும்மா. எங்கம்மாதான் என்னைய அவரோட அனுப்பி வச்சாங்க."

முதல் தடவையாக அந்த அம்மா மனசாரச் சிரித்தார்.