டீச்சர்கள் இறங்காத பஸ்

1. திங்கட்கிழமை சேலத்திலிருந்து எங்கள் மலையூரான வெள்ளக்கடைக்கு முதல் பஸ் வந்தது. டீச்சர்கள் யாரும் இறங்கவில்லை. ஸ்டிரைக் என்று கண்டக்டர் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா அன்று என்னைப் பார்த்துக்கொண்டார்.
2. செவ்வாய்க்கிழமையும் டீச்சர்கள் வரவில்லை. அக்காவும் வேலைக்குப் போய்விட்டார். யூனிபார்மோடு நின்ற என்னை அம்மா தான் வேலை செய்யும் காப்பி எஸ்டேட்டுக்கே கூட்டிப்போனார்.
3. பழம் பறிக்கும் இடத்துக்குக் குழந்தைகள் வரக்கூடாது என்று, ஆள் கணக்கு எழுதும் ரைட்டர் எங்கள் இருவரையும் திருப்பி அனுப்பினார். அம்மாவுக்கு ஆப்சென்ட்.
4. புதன்கிழமையிலிருந்து அப்பா லீவு போட்டார்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அம்மா அந்த எஸ்டேட்டில் தற்காலிகத் தொழிலாளி. அந்தப் பருவத்தில் ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களை நிரந்தரம் ஆக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. திருப்பி அனுப்பும்போதே ரைட்டர் சொல்லிவிட்டார்: "இன்னொரு நாள் விட்டீங்கன்னா லிஸ்ட்ல உங்க பேரு வராதுங்க."

அப்பாவுக்கு அதே எஸ்டேட்டில் நிரந்தர வேலை. பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மிஷினைப் பார்த்துக்கொள்வார், காய்ந்த கொட்டையை மூட்டை கட்டுவார். பழம் வந்து குவிகிற காலத்தில் அவர் லீவு கேட்டது எல்லோருக்கும் வேடிக்கையாகிவிட்டது. வாசலைக் கடக்கிற ஆண்கள் குரல் கொடுப்பார்கள்.

"ஏனுங்க டீச்சர், இன்னைக்கு என்ன பாடமுங்க?"

"உள்ள வா, உனக்கு அ, ஆ-லருந்து ஆரம்பிக்கறேன்" என்பார் அப்பா.

உண்மையில் அவருக்குப் பாடம் நடத்தத் தெரியாது. நான் வாசிப்பேன், அவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். சில வரிகளுக்கு, "அப்படியா போட்டிருக்குது? மறுக்கா படி சாமி" என்பார். பள்ளிக்கூடத்தில் மதியம் முட்டை உண்டு என்று நான் சொன்னதிலிருந்து தினமும் ஒரு முட்டை அவித்தார். பள்ளிக்கூடம் எந்த நாளும் திறக்கலாம் என்பதால் காலையில் யூனிபார்ம், இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன் எல்லாம் உண்டு. எட்டரை மணிக்குப் பஸ் வரும்வரை ரோட்டில் நிற்போம். டீச்சர்கள் இறங்கவில்லை என்றால் திரும்பி வருவோம்.

அம்மா ஏழு மணிக்கே போய்விடுவதால் சடையும் அப்பா பொறுப்புதான். முதல் நாள் சாயங்காலம் ரிப்பனை அவிழ்க்க அம்மா வெகுநேரம் போராடினார். மூட்டைக்குப் போடுகிற முடிச்சை அப்பா என் சடைக்குப் போட்டிருந்தார்.

"ஏனுங்க, இது புள்ள தலையா, காப்பி மூட்டையா?"

"லாரி குலுங்குனாலும் அவுறாது புள்ள."

"அவளென்ன லாரியிலயா போறா?"

கடைசியில் கத்தரிக்கோல்தான். ரிப்பன் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையானது. தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே இருந்த வாரம் அது.

ஒருநாள் நான் டீச்சர்கள்மேல் கோபமாக ஏதோ சொன்னேன். அம்மா என்னைத் தடுத்தார்.

"அவுங்களும் வேலைக்காவத்தான் நிக்கறாங்க கண்ணு. நமக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. அதுக்காவத் திட்டக்கூடாது."

அடுத்த வாரம் வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலிருந்து மூன்று டீச்சர்களும் இறங்கினார்கள். என் கையை விட்டுவிட்டு அப்பா நேராக மிஷினுக்குப் போனார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அம்மா ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருக்கவில்லை. பருவம் முடிந்து ஒட்டிய பட்டியலில் அவர் பெயர் கடைசிக்கு முந்தியதாக இருந்தது.

இப்போது நான் சேலத்தில் மிஷின் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். அப்பா பல்பரில்தான் இருக்கிறார். அம்மா அதே எஸ்டேட்டில் நிரந்தரத் தொழிலாளி. ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.